நாத்தனார் சுமந்து தர முன்வந்திருக்கிறார்: பத்திரம் எழுதினால் போதுமா?

கேள்வி: எனக்கு 36 வயது, கணவருக்கு 41. முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காததால் கருப்பையை எடுத்துவிட்டார்கள். குழந்தையும் தங்கவில்லை. சினைப்பைகள் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கும் என் நாத்தனார், வாடகைத் தாயாக எங்கள் குழந்தையைச் சுமந்து தருவதாகச் சொல்கிறார். அவருக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். வேலைக்குப் போக முடியாதே என்று 6 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். 100 ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதினால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சட்டம் மாறிவிட்டது என்றும் சொல்கிறார்களே?

பதில்: அந்தப் பத்திரத்தை எழுதாதீர்கள். பணமும் கைமாற வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்தவர் சொல்வது பழைய கதை. முன்பு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2005 வழிகாட்டுதல்கள் மட்டும்தான் இருந்தன. இரு தரப்பும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை வைத்தே எல்லாம் நடந்தது. 2022 ஜனவரி 25 அன்று வாடகைத் தாய் முறைப்படுத்தல் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு நிலைமை வேறு. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகள் அனுமதிக்கும் செலவு ஆகியவற்றைத் தவிர ஒரு ரூபாய் கொடுத்தாலும் அது வணிக நோக்கம்தான். முதல் முறையே தம்பதிக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம்.

இப்படி எழுதிய ஒரு பத்திரத்தைப் பார்த்திருக்கிறேன். நாலு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் கைநாட்டு. மூன்றாம் பக்கத்தில், "குழந்தையை ஒப்படைத்தவுடன் மீதித் தொகை" என்று ஒரு வரி. தங்களைக் காப்பாற்றும் என்று நம்பி அதை எழுதியிருந்தார்கள். வழக்கு வந்தால் அவர்களுக்கு எதிரான முதல் சாட்சி அந்த வரிதான். பணத்துக்காக நடந்தது என்று வந்துவிட்டால், அந்தப் பெண்ணை அவருடைய கணவரோ நீங்களோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

சரி, குழந்தை உங்களுடையது என்று எந்தக் காகிதம் சொல்லும்? நீதிமன்ற உத்தரவு. நீங்கள் இருவரும் நாத்தனாரும் சேர்ந்து, முதல் வகுப்பு நடுவர் அல்லது அதற்கு மேற்பட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார், யாரிடம் வளரும் என்று அந்த உத்தரவு சொல்லும். பிறந்தபின் அதுவே பிறப்புக்கான பிரமாணப் பத்திரமாகவும் ஆகும். இதைக் கரு வைப்பதற்கு முன்பே வாங்க வேண்டும். அப்படிப் பிறக்கும் குழந்தை, சட்டப்படி நீங்கள் பெற்ற குழந்தைதான். எல்லா உரிமையும் அதற்கு உண்டு.

அதோடு மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்றும் வேண்டும். கருப்பை இல்லாததை விதிகளே ஒரு காரணமாகச் சொல்வதால் உங்களுக்கு இதில் சிக்கல் வராது. அறுவை சிகிச்சைக் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து வையுங்கள். நாத்தனார் பெயரில் 36 மாதக் காப்பீடு கட்டாயம். அவருடைய உடல், மனத் தகுதிக்குத் தனிச் சான்று. அப்புறம், பதிவு பெற்ற மருத்துவமனையாக இருக்க வேண்டும்.

வயதுதான் எனக்குக் கவலை. சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். மனு போடும் நாளில் இல்லை, கரு வைக்கும் நாளில். உங்களுக்கு 50 வரை, கணவருக்கு 55 வரை இடம் இருக்கிறது. அவருக்கு இல்லை. அதனால் மனு வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். ஒருவர் வாழ்நாளில் ஒரு முறைதான் இப்படிச் சுமக்க முடியும். அதற்காகக் கரு வைக்க அதிகபட்சம் மூன்று முயற்சி.

கேள்விப்பட்ட மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் தானமாகப் பெறும் கருமுட்டைக்கும் விந்துக்கும் தடை வந்தது. 2024 பிப்ரவரியில் அதைத் தளர்த்தினார்கள்: மருத்துவ வாரியம் சான்று தந்தால் இரண்டில் ஒன்றைத் தானமாகப் பெறலாம், மற்றது தம்பதியுடையதாக இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறைய வைத்திருந்த தம்பதிகளுக்கு வயது வரம்பு பொருந்தாது என்றது. அது உங்களுக்கு உதவாது. உங்கள் கருமுட்டை போதாமல் போனால் 2024 திருத்தம் உதவும். ஆனால் நாத்தனாரின் கருமுட்டையை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. சுமப்பவர் தன் கருமுட்டையைத் தரக் கூடாது என்பதில் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது.

அந்த 6 லட்சம் பற்றி. நாத்தனாருக்கு நஷ்டம் வரக் கூடாது என்று நினைத்தீர்கள். அந்த நினைப்பில் தவறே இல்லை. வாரச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் மாதக்கணக்கில் மெஷினில் உட்கார முடியாமல் போனால் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும்? 2017-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே, இழந்த ஊதியம், அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு, சத்துணவு, பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு எல்லாவற்றுக்கும் ஈடு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஊரார் வாயில் இன்னும் 'வாடகை'. சட்டத்திலோ சம்பள இழப்புக்குக்கூட இடமில்லை. இது திருத்த வேண்டிய அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் திருத்தும்வரை, மருத்துவமனை பில்லையும் மருந்துச் செலவையும் நீங்களே நேராகக் கட்டுங்கள், ரசீதுகளை வையுங்கள். காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நீங்கள் வேலைக்குப் போகிறவராக இருந்தால், உங்கள் கருமுட்டை என்பதால், குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு.

கடைசியாக ஒன்று. கருவை வைக்கும்வரை நாத்தனார் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம். அவர் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கவும் முடியாது. பக்கவிளைவுகளை எல்லாம் சொல்லி, அவருக்குப் புரியும் மொழியில் சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்களும் உங்கள் கணவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு தங்கையால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.