லெவியதன்: வேதாகமத்து மிருகம் அரசின் பெயரானது ஏன்?

உயர்தர வகுப்பில் அரசறிவியல் பயிலும் யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் கேட்கிறார்: கடவுள் தம் வாளால் கொல்லப்போகும் கடற்பாம்பே லெவியதன் என்று வேதாகமம் கூறுகையில், வலிய அரசை ஆதரித்த ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ் 1651இல் தமது நூலுக்கு அப்பெயரை ஏன் சூட்டினார்? விடைத்தாளில் இதை எவ்வாறு விளக்குவது?

வேதாகமத்து ஏசாயா நூலின் 27ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்தவருக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் ஹொப்ஸ் எடுத்துக்கொண்டது அதே வேதாகமத்து யோபு நூலின் 41ஆம் அதிகாரத்தை. அங்கே லெவியதன் தண்டனைக்குரிய பகையன்று. தூண்டிலுக்கும் ஈட்டிக்கும் அடங்காத, பூமியில் நிகரற்ற, செருக்குள்ள உயிர்களுக்கெல்லாம் அரசனாகிய படைப்பு. மனிதரின் செருக்கை அடக்கப் பொது அதிகாரம் ஒன்று வேண்டும் என்று வாதிட்டவருக்கு இது பொருத்தமான உருவகம். நாம் ஊகிக்கவும் தேவையில்லை: தமது நூலின் 28ஆம் அதிகார முடிவில் ஹொப்ஸே யோபுவின் அவ்வதிகாரத்துக் கடைசி இரு வசனங்களைச் சுட்டிக் காரணம் கூறுகிறார், லெவியதனும் அழியக்கூடியதே, அது அஞ்சவேண்டியது விண்ணில் உண்டு என்றும் சேர்த்துக்கொள்கிறார். அரசை அவர் 'அழியும் கடவுள்' என்று அழைத்தது இதனோடு இணைத்து வாசிக்கத்தக்கது.

நூலின் முகப்புச் சித்திரத்தில் மிருகமே இல்லை என்பதையும் கவனியுங்கள். எண்ணற்ற குடிமக்களின் உடல்களாலேயே ஆன ஒரு பேருருவ மன்னன், ஒரு கையில் வாளும் மறுகையில் ஆயரின் செங்கோலும் ஏந்தி நிற்கிறான். மேலே யோபுவின் வசனம் இலத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளது. மக்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தால் பலர் ஒருவராவதை இதைவிடத் தெளிவாக எந்த வரைவிலக்கணமும் காட்டாது என்பது என் கருத்து.

யோபு 40இல் வரும் நிலத்து மிருகமான பெகெமோத்தின் பெயரை, இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் பற்றிய உரையாடல் நூலுக்கு ஹொப்ஸ் பயன்படுத்தினார். அரசு அங்கே லெவியதன். அரசைக் குலைக்கும் கலகம் பெகெமோத். இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டே பிரான்ஸ் நொய்மன் என்ற ஜேர்மன் அரசறிவியலாளர் 1942இல் நாசி ஜேர்மனியைச் சட்டமற்ற பெகெமோத் என்று ஆராய்ந்தார். ஆங்கிலக் கவிஞர் மில்டன் சாத்தானின் பேருருவை லெவியதனோடு ஒப்பிட்டதும், அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில் திமிங்கிலங்களை அப்பெயரால் அழைத்ததும் சுவையானவை. அரசறிவியல் விடைக்கு வேண்டாதவை.

சைவ மாணவர்களும் யோபுவின் அவ்விரு அதிகாரங்களையும் நேரே வாசிப்பது நன்று. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலரே அல்லவா? விடையிலோ உருவகத்துக்கு இரண்டு வரிகள் போதும். எஞ்சிய இடத்தை, அரசே இல்லாத இயற்கை நிலைக்கும் சமூக ஒப்பந்தத்துக்கும் ஒதுக்குங்கள். புள்ளிகள் அங்கேதான் உள்ளன.