ரவுட்டர் கையை மீறி ஓடுகிறதா?

கேள்வி: பலகை ஓரத்தை மழுக்க ரவுட்டரை (மரத்தைச் செதுக்கும் மின்கருவி) வைத்ததும் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. பிடி போதவில்லையா?

பதில்: பிடியில் குறையில்லை, நகர்த்தும் திசையைப் பாருங்கள். கையில் பிடிக்கும் ரவுட்டரை மேலிருந்து பார்த்தால் பிட் (சுழன்று வெட்டும் அலகு) வலஞ்சுழியாகச் சுற்றும். எனவே பலகையின் வெளி ஓரங்களை இடஞ்சுழியாகச் சுற்றி வர வேண்டும். ஓரம் உங்கள் பக்கம் இருந்தால், இடமிருந்து வலம். சட்டத்தின் உள் ஓரத்துக்கு நேர்மாறு, வலஞ்சுழி. இப்படிப் போனால் மரம் பிட்டை எதிர்த்து நிற்கும். வேகம் உங்கள் கையில் இருக்கும். திசை மாறினால் பிட் சக்கரம்போல் ஓரத்தின் மேல் உருண்டு ஓடும். ஓடுவது அதனால்தான்.

ரவுட்டர் மேசையில் இயந்திரம் தலைகீழாக இருப்பதால், மரத்தை வலமிருந்து இடம் தள்ள வேண்டும். பிட்டுக்கும் தடுப்புப் பலகைக்கும் நடுவே மரத்தை ஒருபோதும் நுழைக்காதீர்கள், பறந்துவிடும்.

முதலில் ஒரு வீண் துண்டை இரண்டு கிளாம்பால் இறுக்கி, அதில் பழகுங்கள்.

கேள்வி: காடி (மரத்தில் வெட்டும் நீளப் பள்ளம்) எடுக்கும்போதே பிட் கீழே இறங்கி, ஆழம் கூடிவிடுகிறது. நட்டை நன்றாகத்தான் இறுக்குகிறேன்.

பதில்: உடனே நிறுத்துங்கள், இது ஆபத்தான குறி. பிட்டின் தண்டு அளவைப் பாருங்கள். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அந்த அளவுக் கோலெட்டில் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் குழல்) 6 மி.மீ. தண்டைப் போட்டால் இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் பிடிக்காது. அரை அங்குலமும் (12.7) 12 மி.மீ.யும் அப்படியே.

அளவு சரி என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கோலெட்டைக் கழற்றித் தூசி, பிசின் போகத் துடையுங்கள். தண்டை அடிவரை தள்ளி, பிறகு 3 மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டி நின்றால், நட்டு இறுகும்போது தண்டு கோலெட்டோடு நகர முடியாமல் பிடி தளர்கிறது. பிட் இல்லாத கோலெட்டை இறுக்க வேண்டாம், அது நசுங்கும். தேய்ந்த கோலெட்டை மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: மரம் கருகுகிறது, மூலையில் சிலாம்பு பெயர்கிறது.

பதில்: கருகுவது பெரும்பாலும் தயங்கித் தயங்கி நகர்த்துவதால். பிட் ஒரே இடத்தில் உரசிச் சூடாகிறது. மழுங்கிய பிட்டும், அதில் ஒட்டிய பிசினும் இதையே செய்யும். 12 மி.மீ. ஆழக் காடியை ஒரே மூச்சில் எடுக்காதீர்கள், 6 மி.மீ. பிட் என்றால் தடவைக்கு 3 மி.மீ., நான்கு தடவை. மோட்டார் சத்தம் கம்மினால் ஆழம் அதிகம் என்று பொருள்.

பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறையுங்கள்: 25 மி.மீ. விட்டம் வரை நிமிடத்துக்கு 22,000 சுற்று ஏற்கும், 50 மி.மீ.யில் 16,000 போதும். பிட்டில் அச்சிட்ட உச்ச வேகத்தைத் தாண்டவே கூடாது.

சிலாம்புக்கு வழி: இழைக்குக் குறுக்கான முனைகளை முதலில் வெட்டி, நீள ஓரங்களைப் பிறகு வெட்டுங்கள். முனையில் பெயர்ந்தது அதில் போய்விடும். முனையை மட்டும் வெட்டுவதாக இருந்தால், பிட் வெளியேறும் பக்கம் ஒரு துண்டுக் கட்டையை ஒட்டி இறுக்குங்கள்.

கண்ணாடி, காதடைப்பான், முகக்கவசம் மூன்றும் வேண்டும், எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டும்போது முகக்கவசம் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். கையுறை மட்டும் கூடாது. பிட் அதைச் சுற்றிக் கையையும் இழுக்கும்.