இலவச மென்பொருளுக்கு எதற்குக் காசு?

கேள்வி: ஐயா, எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் கோஹா மென்பொருள் போட்டிருக்கிறோம். இரவல் கொடுப்பது, தேடுவது எல்லாம் நன்றாக நடக்கிறது, ஆனால் புத்தக முதுகில் ஒட்டும் லேபிளை அச்சடித்தால் தமிழ் எழுத்து குழம்பி வருகிறது. கொழும்பில் ஒரு நிறுவனம் திருத்தித் தருகிறோம், வருடா வருடம் பராமரிப்புக் கட்டணமும் வேண்டும் என்கிறது. இலவச மென்பொருளுக்குக் காசு கேட்பது முறையா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: முறைதான். கோஹாவின் ஜிபிஎல் உரிமம் மென்பொருளை எடுக்க, திருத்த, பகிர உங்களுக்கு உரிமை தருகிறது. பழுதானால் வந்து பார்ப்போம் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது, அதைக் கட்டணத்துக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. கோஹா பிறந்ததே அப்படித்தான். 1999இல் நியூசிலாந்தின் ஹொரொஃபெனுவா நூலகத்தார், தங்கள் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், ஒரு நிறுவனத்துக்குக் காசு கொடுத்து இதை எழுதுவித்து, பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

ஆனால் காசை எடுக்க முதல் அந்த லேபிளை உற்றுப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை என்று அர்த்தம். அமைப்புக் கோப்பில் எழுத்துரு இருக்கும் இடத்தைச் சரியாகக் கொடுத்தால் போதும், லினக்ஸ் தெரிந்த ஒரு பிள்ளையே செய்துவிடும். 'கொ'வில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால் அது வேறு கதை, பிடிஎஃப் உண்டாக்கும் நிரலிலேயே கை வைக்க வேண்டும், அதற்குக் கூலி கொடுப்பது நியாயம்.

கொடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். திருத்தத்தை உங்கள் சேர்வரில் மட்டும் செருகிவிட்டுப் போகிற ஆள் வேண்டாம். கோஹாவுக்கு மே மாதம் ஒன்று, நவம்பரில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வரும், அடுத்ததை ஏற்றியதும் அந்தத் திருத்தம் அழிந்துபோகும், பிறகு அதே வேலைக்கு அதே ஆளுக்கு மறுபடி காசு. திருத்தத்தைக் கோஹா திட்டத்துக்கே அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே இன்னொருவர் சோதித்துச் சரி சொல்லி, தரக் குழுவும் பார்த்த பிறகுதான் சேர்ப்பார்கள், இழுபடலாம். அதற்காகக் கடைசித் தவணையைப் பிடித்து வைப்பது சரியில்லை, அனுப்பிவிட்டார்களா என்று பார்த்தால் போதும். வருடக் கட்டணம் வேறு கணக்கு. காப்புப் பிரதி (பேக்கப்) எடுப்பதும் புதிய பதிப்பு ஏற்றுவதும் அதில் அடங்குமா என்று கேளுங்கள், கடவுச்சொற்கள் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

அப்புறம், கோஹாவில் தமிழ் லேபிள் அடிக்கிற மற்ற வாசிகசாலைகளுக்கும் இந்தக் கரைச்சல் இருக்கக்கூடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் அப்படி யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்து, செலவைப் பங்கு போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.