கழன்று விழும் கவுன்

கேள்வி: என் ஆறு வயது மகளுக்குக் காகித பொம்மை வெட்டிக் கொடுத்தேன். கவுனை மாட்டிக் கையில் தூக்கினாலே கழன்று விழுகிறது. இரண்டே நாளில் கழுத்தும் தொங்கிவிட்டது. ஒரே அழுகை. என்ன செய்யலாம்? இந்த பொம்மை முதலில் எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அழுகையை நிறுத்துவோம், வரலாறு அப்புறம்.

நோட்டுத் தாளில் வெட்டியிருப்பீர்கள். அது தலையைத் தாங்காது. கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். என் அக்கா, புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையில் எனக்கு வெட்டித் தருவாள். கழுத்தைக் கொஞ்சம் தடிமனாகவே விட்டு, பின்னால் தலையிலிருந்து இடுப்பு வரை ஓர் ஐஸ் குச்சியை ஒட்டிவிடுவாள். ஒரு விடுமுறை முழுக்க அந்தக் கழுத்து மடங்கவில்லை.

கவுனுக்கு மட்டும் மெல்லிய தாள். அட்டையில் வெட்டினால், கவுன் ஓரத்தில் நீட்டிவிட்டுப் பொம்மைக்குப் பின்னால் மடிக்கும் சின்னக் காது விறைத்துக்கொண்டு நிமிர்ந்துவிடும். பொம்மையைத் தாளில் படுக்கவைத்து ஓரம் வரைந்துகொள்ளுங்கள். தோளில் இரண்டு காது விடுவது எல்லாருக்கும் தெரியும். இடுப்பில் இரண்டு விடத்தான் மறந்துபோகிறோம். அங்கேதான் கவுன் நழுவுகிறது. காது உங்கள் சுண்டுவிரல் அகலமாவது இருக்கட்டும். ஸ்கேல் வைத்து மடித்து, நகத்தால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பூவும் கரையும் அவளே வரையட்டும், அதில் நீங்கள் கை வைக்கவே வேண்டாம்.

சரி, வரலாறு. கடையில் விற்பதற்கென்று அச்சான காகித பொம்மைகளில் பேர்போனது 1810இல் லண்டனில் எஸ். அண்டு ஜே. ஃபுல்லர் கடை வெளியிட்ட ‘லிட்டில் ஃபேனி’. ஒரு சின்னக் கதைப் புத்தகத்தோடு வந்தது. ஆடம்பரத்தில் ஆசை வைத்த ஃபேனி, நல்ல உடையெல்லாம் பறிபோய்ப் பிச்சையெடுக்கிறாள், மீன் கூடை சுமக்கிறாள், கடைசியில் கையில் புத்தகத்தோடு வீடு திரும்புகிறாள். பத்திரிகைகளும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 1859இலேயே ‘கோடீஸ் லேடீஸ் புக்’ காகித பொம்மையை அச்சிட்டது. 1951 மே மாதம் ‘மெக்கால்ஸ்’ இதழில் பெட்ஸி மெக்கால் என்ற காகித பொம்மை வந்தாள். அவளுக்குப் புது உடை வர, பிள்ளைகள் அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள்.

ஃபேனியிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவளுக்கு உடையை மாட்டவே வேண்டாம். உடையணிந்த உருவங்கள் தலையில்லாமல் தனித்தனியாக இருக்கும். ஒரே தலையைக் கழுத்தோடு எடுத்து ஒவ்வொன்றிலும் செருகிக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் மகளுக்கு அப்படியும் ஒன்று செய்து கொடுங்கள். அதில் கழன்று விழ கவுனே இல்லை.