மூன்று ஸ்போர்ட்ஸ் கார், மூன்று கியர்பாக்ஸ்: டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிப்பது?

கேள்வி: மேனுவல் கியர் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க ஆசை. மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86, செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0 என்று மூன்றில் வந்து நிற்கிறேன். யாரைக் கேட்டாலும் மூன்றிலுமே கியர் வெண்ணெய் மாதிரி விழும் என்கிறார்கள். டெஸ்ட் டிரைவுக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. வளைவுகள் உள்ள சாலைகளில் ஓட்டத்தான் முக்கியமாக வாங்குகிறேன், தினசரி வேலைக்கும் கொஞ்சம் எடுப்பேன். கியரை வைத்து முடிவு செய்வது என்றால் எதைக் கவனிப்பது?

பதில்: நிறுத்தி வைத்த காரில் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று லிவரைத் தட்டிப் பார்ப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அதில் தெரிவது ரொம்பக் கொஞ்சம். லிவர் எவ்வளவு தூரம் போகிறது, பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறதா, ஸ்பிரிங் அதை நடுவுக்கு எப்படிக் கொண்டுவருகிறது, இவ்வளவுதான். உள்ளே எதுவும் சுற்றாதபோது கியர்பாக்ஸின் முக்கியமான பாகத்துக்கு வேலையே இல்லை. அந்த 'டக்' சத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்துக் காரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஓடும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். லிவர் நியூட்ரலைத் தாண்டியதும் எதன் மேலோ சாய்ந்து நிற்பது போல ஒரு கணம் தடை வரும், உடனே அது விலகி லிவர் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தத் தடைதான் சிங்க்ரோ. கூம்பு வடிவ வளையம் ஒன்று கியரின் மேல் உரசி, இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்குகிறது. வேகம் ஒத்துப்போகிறவரை பற்கள் உள்ளே போகாதபடி அதே வளையம் மறித்து நிற்கிறது. இது மொத்தமும் கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் உள்ளங்கைக்குத் தெரியும். நல்ல கியர்பாக்ஸில் அந்தத் தடை வந்ததும் போனதும் இரண்டும் தெளிவாகத் தெரியும். அதனால்தான் வெண்ணெய் மாதிரி என்று சொல்வதை நான் பெரிய பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. எதுவுமே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும் லிவரில், கியர் விழுந்துவிட்டதா இல்லையா என்று வளைவுக்கு நடுவில் சந்தேகம் வரும். ஸ்போர்ட்ஸ் காரில் அந்தச் சந்தேகம் வரவே கூடாது.

லிவரை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், அப்படிப் பிடித்தால் உங்கள் பலம்தான் உங்களுக்குத் தெரியும். உள்ளங்கையை லேசாக வைத்துத் தள்ளுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நேராக முன்னால் மட்டும் தள்ளினால் போதும், ஸ்பிரிங்கே லிவரை நடு வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். வேகமாகத் தள்ளினாலும் தப்பான இடத்துக்குப் போகாமல் இருக்கிறதா என்று ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கிப் பாருங்கள். அங்கே தடுமாறினால் நான்கு விழவேண்டிய இடத்தில் இரண்டு விழும், அதிக வேகத்தில் அது இன்ஜினுக்கே ஆபத்து.

மூன்று கார்களும் கையில் வேறு வேறாகத் தெரிவதற்கு முதல் காரணம் கியர்பாக்ஸ் எங்கே இருக்கிறது என்பது. எம்எக்ஸ்-5-இல் இன்ஜின் முன்னால் நீளவாக்கில் இருக்கிறது, கியர்பாக்ஸ் அதன் பின்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் வருகிறது, லிவர் கிட்டத்தட்ட அதன் மேலேயே நிற்கிறது. கைக்கும் பற்களுக்கும் நடுவில் ஒன்றும் பெரிதாக இல்லை. 1999 முதல் 2009 வரை வந்த ஹோண்டா எஸ்2000-இன் கியரை இன்றும் ஆட்கள் சிலாகிப்பதற்கும் இதே அமைப்பு ஒரு காரணம். ஜிஆர்86-இலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் நீளவாக்கில்தான். கேமனில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் அதற்கும் பின்னால், அதனால் உங்கள் கை அசைவு கேபிள் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும்.

கேபிள் என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். ஹோண்டா சிவிக் டைப் ஆர் முன்சக்கர இழுவைக் கார், இன்ஜின் குறுக்குவாட்டில், கேபிள்தான், ஆனால் இன்று கிடைக்கும் நல்ல கியர்களில் அதுவும் ஒன்று. அதே நேரம் பழைய லோட்டஸ் எலீஸில் லிவர் ரப்பர் போல வளைந்து கொடுக்கும் என்ற புகார் இருந்தது. அதே லோட்டஸின் பிற்கால எக்ஸீஜ் மாடல்களில் லிவருக்குக் கீழே இருக்கும் பாகங்களைத் திருத்தி, அவை வெளியே தெரியும்படி வைத்ததும் அந்தக் காரின் குணமே மாறிப்போனது. கேமனில் கேபிள் இருப்பது உங்களுக்குச் சொன்னால்தான் தெரியும், அவ்வளவு கச்சிதம்.

சரி, லிவரை விடுங்கள். கியர் மாற்றுவதில் பாதி வேலை இடது காலுடையது. கிளட்ச் எவ்வளவு கனம் என்பதைவிட, அது எந்த இடத்தில் பிடிக்கிறது, அந்த இடம் காலுக்குத் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். பெடல் கீழிருந்து கொஞ்சம் மேலே வந்ததுமே பிடித்தாலும் சரி, நடுவில் பிடித்தாலும் சரி, பழகிக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் பிடிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டு, சமதரையில் காரை நகர்த்திப் பாருங்கள். இதை மூன்று காரிலும் செய்தாலே ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று புரியும். பிஎம்டபிள்யூ தன் பல மேனுவல் கார்களில் கிளட்ச் திரவம் திரும்பும் பாதையைச் சற்றே நெருக்கும் ஒரு வால்வு வைத்தது, கிளட்ச் சட்டென்று பிடித்து டிரான்ஸ்மிஷனுக்கு அடி விழாமல் இருக்க. நல்ல நோக்கம்தான், ஆனால் கால் ஒன்று செய்ய, கார் அரை நொடி தள்ளி இன்னொன்று செய்வது போலத் தோன்றும். அதைக் கழற்றுகிற ஆட்கள் இருப்பது அதனால்தான்.

அப்புறம் காது. கிளட்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜின் ரெவ், அதாவது அது சுற்றும் வேகம், எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று கேளுங்கள். மேல் கியருக்குப் போக ரெவ் இறங்கியாக வேண்டும். ஃப்ளைவீல் (இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் வட்டு) கனமாக இருந்தால் மெதுவாக இறங்கும். புதிய கார்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக, நீங்கள் காலை எடுத்த பிறகும் த்ராட்டிலை (இன்ஜினுக்குக் காற்று போகும் வால்வை) கம்ப்யூட்டர் கொஞ்சம் தாமதமாக மூடுவதும் உண்டு. ரெவ் தொங்கிக்கொண்டே நின்றால், உங்கள் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் கிளட்சை விடும்போது கார் முன்னால் ஒரு உதறு உதறும். ஓட்டுபவர் தன் திறமையைச் சந்தேகப்படுவார், தப்பு அவர் மேல் இல்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் ஒருமுறை நிதானமாக, ஒருமுறை விரட்டி மாற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

கியரை இறக்கும்போது இதற்கு நேர் எதிர்: ரெவ்வை நீங்கள் ஏற்ற வேண்டும். பிரேக்கில் வலது கால் இருக்கும்போதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்ட முடிகிறதா என்று மூன்று காரிலும் கட்டாயம் பாருங்கள், நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூவிலேயே. பிரேக்கை நன்றாக அழுத்திய நிலையில் இரண்டு பெடலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வர வேண்டும். லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு உயரம் சரியில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். இந்தத் தட்டைத் தானே செய்து தரும் வசதியை 2008 இறுதியில் அறிமுகமான நிசான் 370இசட் கொண்டுவந்தது, இன்று பல கார்களில் இருக்கிறது. எம்எக்ஸ்-5-இலும் ஜிஆர்86-இலும் கிடையாது, உங்கள் காலே செய்ய வேண்டும். கேமனில் ஸ்போர்ட் மோடில் வரும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் அந்த மோடை விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

இப்போது பெரும்பாலானோர் பார்க்காமலே விடுவதும், உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கப்போவதுமான விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கியரும் எவ்வளவு நீளம், அதாவது அந்த ஒரே கியரில் எவ்வளவு வேகம் வரை போகலாம்? 2.0 லிட்டர் எம்எக்ஸ்-5 இரண்டாம் கியரில் 7,500 ஆர்பிஎம் வரை இழுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 100 கி.மீ. வரும். ஜிஆர்86-உம் ஏறக்குறைய அதே அளவுதான். கேமன் ஜிடிஎஸ் 4.0 இரண்டாம் கியரிலேயே 130-ஐத் தொட்டுவிடும், அதன் ரெட்லைன், அதாவது இன்ஜின் சுற்றலாம் என்ற உச்ச வரம்பு, 7,800. இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். வளைவுகள் நிறைந்த ஒரு சாலையில் பொறுப்பாக ஓட்டும் ஒருவர் எம்எக்ஸ்-5-இல் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறி இறங்கி கையை ஓயவிடாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். அதே சாலையில், அதே வேகத்தில், கேமனில் இரண்டாம் கியரைப் போட்டுவிட்டு அப்படியே முழுச் சாலையையும் முடித்துவிடலாம். உலகத்திலேயே இனிமையான லிவராக இருந்தாலும் அதைத் தொடுவதற்கு ஒரு காரணம் வேண்டும் இல்லையா? மேல் ரெவ்வில் அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் பாடுகிற இடத்தைக் கேட்க வேண்டுமென்றால், பல சாலைகளில் நீங்கள் போகக் கூடாத வேகத்துக்குப் போக வேண்டியிருக்கும். போர்ஷே 2013-இல் 911 ஜிடி3-ஐ ஆட்டோமேட்டிக்காக மட்டும் விற்று, ஆட்கள் கேட்டதால் 2017-இல் மேனுவலைத் திரும்பக் கொண்டுவந்த கம்பெனி. 2023-இல் வந்த 911 எஸ்/டி-யில் கியர்களைக் குட்டையாக்கியும் கொடுத்தது. 718-க்கும் அதைச் செய்திருக்கலாம் என்பது என் தீராத ஆதங்கம்.

அதனால் டெஸ்ட் டிரைவில் வேகமான நெடுஞ்சாலையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். வளைவும் ஏற்றமும் உள்ள சாலையாகக் கேளுங்கள். நீங்கள் அன்றாடம் ஓட்டப்போகும் வேகத்திலேயே ஓட்டி, எத்தனை தடவை கியர் மாற்ற ஆசை வருகிறது என்று பாருங்கள்.

என் தீர்ப்பு: கியர் மாற்றுவதற்காகவே கார் வாங்குகிறீர்கள் என்றால் எம்எக்ஸ்-5. லிவர் போகும் தூரம் குட்டை, மணிக்கட்டை அசைத்தால் போதும், கியர்களும் உபயோகிக்கிற வேகத்துக்குப் பொருந்தி நெருக்கமாக இருக்கின்றன. ஜிஆர்86-இன் லிவர் கொஞ்சம் கனம், காலையில் முதல் சில நிமிடம் இரண்டாம் கியருக்குப் போக முரண்டு பிடிப்பது போலத் தோன்றலாம், சூடானதும் சரியாகிவிடும். சிலருக்கு அந்த முரட்டுத்தனம்தான் பிடிக்கிறது, பின் சீட்டும் ஒரு பெயருக்கு இருக்கிறது. கேமனின் கிளட்சும் பெடல் அமைப்பும் லிவரின் துல்லியமும் மூன்றில் சிறந்தவை. ஆனால் அதை வாங்குவதற்கான காரணம் இன்ஜினும் சேஸியும்தான், கியர் அதற்கு அடுத்துத்தான் வரும். எம்எக்ஸ்-5-இல் உடம்பை நுழைத்து உட்கார முடியவில்லை என்றால் (உயரமானவர்களுக்கு இது உண்மையான பிரச்சினை) தயங்காமல் ஜிஆர்86 எடுங்கள்.

இன்னொன்று, குட்டை லிவர் வேண்டும் என்று ஷார்ட் ஷிஃப்டர் (லிவர் போகும் தூரத்தைக் குறைக்கும் பாகம்) மாட்டுவதற்கு அவசரப்பட வேண்டாம். தூரம் குறைந்தால் தேவைப்படும் பலம் கூடும், நீங்கள் சிங்க்ரோ மேல் போடும் அழுத்தமும் கூடும். இந்த மூன்று காருக்கும் அது தேவையும் இல்லை.

கேமன் செகண்ட் ஹேண்ட் என்பதால் அதற்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்கள் வருவதற்கு முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்கக் கூடாது என்று. எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதுதான் தேய்ந்த சிங்க்ரோ தன்னைக் காட்டிக்கொடுக்கும். கீழ் கியர்களுக்கு இடையில் வேக வித்தியாசம் அதிகம் என்பதால் இரண்டாம் கியர்தான் எப்போதும் அதிகம் அடிவாங்குகிறது. பழைய ஃபெராரிகளை ஓட்டியவர்கள் எண்ணெய் சூடாகும் வரை இரண்டைத் தொடாமல் ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போனது இதனால்தான். குளிரில் கொஞ்சம் விறைப்பாக இருப்பது இயல்பு, 'கிர்ர்' என்று பல் உரசுவது இயல்பு இல்லை. நியூட்ரலில் நின்றுகொண்டு கிளட்சை முழுதும் மிதித்து, சில நொடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். கிளட்சை விட்டிருக்கும்போது வரும் ஒரு உறுமல், மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் உள்ளே பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மிதிக்கும்போது புதிதாகச் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஓடும்போது மேல் கியரில் குறைந்த ரெவ்வில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள், வேகம் ஏறாமல் ரெவ் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. ஒவ்வொரு கியரிலும் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்து, சட்டென்று விட்டு, லிவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வருகிறதா என்றும் பாருங்கள்.

உரசல் இருந்தால், எண்ணெய் மாற்றினால் போய்விடும் என்று விற்பவர் சொல்லக்கூடும். தப்பான எண்ணெய் ஊற்றியிருந்தால் உண்மையிலேயே மாறலாம், சிங்க்ரோவுக்கு வழுக்கல் அதிகமான எண்ணெய் ஆகாது, கார் புத்தகத்தில் சொன்ன வகையைத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் தேய்ந்த வளையத்தை எந்த எண்ணெயும் வளர்த்துக் கொடுக்காது. எண்ணெய் மாற்றும் செலவு அவருடையதாக இருக்கட்டும், மாற்றிய பிறகு மறுநாள் காலை, கார் குளிர்ந்திருக்கும்போது திரும்பப் போய் ஓட்டுங்கள். அப்போதும் இரண்டாம் கியர் உரசினால் கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள், ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு கேமனைப் பாருங்கள்.