சாப்பாட்டுக்காகவும் கலாசாரத்துக்காகவும் மட்டும் டிரினிடாட் தீவுக்குப் போகலாமா?

கடற்கரை விடுதியில் முடங்கிக் கிடக்க விருப்பமில்லை, நல்ல சாப்பாடும் ஊர்த் திருவிழாவும் வேண்டும், அதற்குக் கரீபியன் தீவான டிரினிடாட் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிப்படும். சொல்லப்போனால் அந்த இரண்டுக்காக மட்டும்தான் அங்கே போக வேண்டும். நீலக் கடலும் வெள்ளை மணலும்தான் முக்கியம் என்றால் பார்படாஸ், ஆன்டிகுவா பக்கம் போய்விடுங்கள். டிரினிடாட்டின் தெற்கிலும் மேற்கிலும் கடல் பல இடங்களில் கலங்கலாகத்தான் இருக்கும். எதிரே வெனிசுவேலாவில் ஒரினோக்கோ ஆறு கொண்டுவந்து தள்ளும் வண்டல் அப்படி. குறுகலான இடத்தில் அந்த நாட்டுக்கும் இந்தத் தீவுக்கும் இடையே 11 கிலோமீட்டர்தான்.

நான் பாயின்ட் லீசாஸ் தொழிற்பேட்டையில் ஓர் ஒப்பந்த வேலையில் இருந்தேன். குடியிருந்தது பக்கத்தில் சகுவானாஸ் ஊரில். அந்தப் பேட்டை முழுக்க அம்மோனியா, மெத்தனால் ஆலைகள். எண்ணெயும் எரிவாயுவும்தான் இந்த நாட்டுக்குச் சோறு போடுகின்றன, சுற்றுலா அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் தீவுகளில் பயணிக்காக ஒரு நடனம், பயணிக்காகக் காரம் குறைத்த ஒரு குழம்பு என்று எல்லாம் தயாராக இருக்கும். டிரினிடாட்டில் உங்களை யாரும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. திருவிழா அவர்களுக்காக, சாப்பாடு அவர்கள் நாக்குக்காக. நீங்கள் வந்தால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள், பேச்சுக் கொடுப்பார்கள். அதே காரணத்தால் பெயர்ப்பலகை, கால அட்டவணை, தகவல் மையம் போன்றவையும் குறைவு. இது ஒத்துவராது என்பவர்களுக்கு நான் இந்தத் தீவைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால்தான் தட்டில் இருப்பது புரியும். பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறை 1834இல் ஒழிக்கப்பட்டது. 1838இல் ஆப்பிரிக்கர்கள் முழு விடுதலை பெற்றதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தட்டுப்பாடு. 1845 மே 30 அன்று ஃபாட்டல் ரசாக் என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1917இல் அந்த முறை நிற்கும்வரை 1,40,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த போஜ்புரிக்காரர்கள், ஒரு சிறு பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். இன்று சுமார் 14 லட்சம் மக்களில் இந்திய வம்சாவளியினர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஆப்பிரிக்க வம்சாவளியினர் கிட்டத்தட்ட அதே அளவு, மீதி கலப்பினத்தாரும் சீனர், சிரியர் போன்றவர்களும். எல்லோரும் பேசுவது ஆங்கிலமும் அதிலிருந்து கிளைத்த கிரியோலும்தான். இந்திய முகத்தைப் பார்த்ததும் இந்தியில் பேசப் போனால் விழிப்பார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதல் காலையில் டபுள்ஸ். மஞ்சள் சேர்த்துப் பிசைந்த மைதா மாவைப் பொங்கவிட்டு, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிப் பொரித்தெடுப்பது பாரா. மெத்தென்று இருக்கும், மொறுமொறுப்பு கிடையாது. கடைக்காரர் மெழுகுத்தாளில் இரண்டு பாராவை ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி போட்டு, குழைய வெந்த கொண்டைக்கடலைக் குழம்பை ஒரு கரண்டி விடுவார். மேலே புளிச் சட்னி, வெள்ளரித் துருவல், ஷாடோ பெனி என்ற நீள இலைக் கீரையை அரைத்த பச்சைச் சட்னி. மல்லித்தழையின் வாசம்தான், ஆனால் இரண்டு மடங்கு தூக்கலாக இருக்கும். கடைசியாக மிளகாய் விழுது. இத்தனையும் நீங்கள் மூச்சு விடுவதற்குள் முடிந்து, தாளை முறுக்கிக் கையில் கொடுத்துவிடுவார். உட்கார இடமில்லை, கரண்டி இல்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு வங்கி அதிகாரியும் கொத்தனாரும் காவலரும் வரிசையாக நின்று, சட்டையில் சிந்தாமல் முன்னால் குனிந்து தின்றுகொண்டிருப்பார்கள். எத்தனை தின்றோம் என்று கடைசியில் நாமே சொல்லிக் காசு கொடுப்பதுதான் பல கடைகளில் வழக்கம். 1930களில் பிரின்சஸ் டவுனில் டீன் என்ற குடும்பத்தார் இதை ஆரம்பித்ததாகச் சொல்வார்கள்.

மிளகாய் எவ்வளவு என்று கேட்பார்கள். ‘ஸ்லைட்’, அதாவது கொஞ்சமாக, என்று சொல்லுங்கள். காரம் தின்று வளர்ந்தவர்கள் நாம் என்ற வீராப்பு அங்கே செல்லாது. தீவின் தெற்கில் மொருகா பகுதியின் பெயர் தாங்கிய மொருகா ஸ்கார்ப்பியன் மிளகாயைத்தான் 2012இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்து மிளகாய் ஆய்வாளர்கள் உலகிலேயே காரமானது என்று அறிவித்தார்கள். பிறகு வேறு மிளகாய்கள் முந்திவிட்டன. அதனால் வயிற்றுக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

மாலைப் பலகாரத்துக்கு டெபே ஊர். சாலையோரம் கடைகள் வரிசையாக இருக்கும். பட்டாணிப் பருப்பு மாவில் உருட்டிப் பொரித்த பொலோரி, சேப்பங்கீரையில் மாவு தடவிச் சுருட்டிப் பொரித்த சஹீனா, கத்தரிக்காய் பைகனி, உருளைக்கிழங்கு அடைத்த ஆலு பை. எல்லாவற்றுக்கும் மாங்காய்ச் சட்னியோ புளிச் சட்னியோ உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் கரீபியனில் பட்டினி கிடக்காத ஊர் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

மதியத்துக்கு ரொட்டி. பட்டாணிப் பருப்பை வேகவைத்துப் பொடித்து, சீரகம் சேர்த்து உள்ளே அடைத்துச் சுடுவது தால்பூரி. இன்னொன்று பஸ்-அப்-ஷட்: பரோட்டாவைக் கல்லிலேயே இரண்டு மரக்கரண்டிகளால் அடித்து அடித்துக் கிழித்துவிடுவார்கள். அதைப் பூசணிக்காய், மாங்காய், கொண்டைக்கடலை, ஆட்டுக்கறி என்று எதனோடும் தின்னலாம். குழம்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்து முதலில் சுடு எண்ணெயில் போட்டு வறுப்பார்கள், பிறகுதான் கறி விழும். அந்த வாசம் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெரு முழுக்கச் சுற்றும். சக ஊழியர்கள் யாராவது ‘ஆற்றங்கரையில் வாத்துக் குழம்பு’ என்று கூப்பிட்டால் வேறு வேலை எதுவானாலும் தள்ளிப்போடுங்கள். கல் அடுப்பு, பெரிய இரும்புச் சட்டி, பாட்டு, தண்ணீரில் கால். கடையில் அந்த ருசி வராது.

இந்தியச் சாப்பாட்டோடு நின்றுவிடாதீர்கள். நம்மவர்கள் பலர் செய்வது அதுதான், எனக்கு அது புரிவதே இல்லை. சேப்பங்கீரையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலில் கடைந்த கலலூ, சர்க்கரையைக் கருக்கி அதில் கோழியைப் புரட்டி அரிசியும் பயறும் சேர்த்துப் பொங்கும் பெலாவ், மாக்கரோனி பை எல்லாம் ஆப்பிரிக்க, ஐரோப்பிய வழி வந்தவை. ஆனால் இந்திய வீட்டு அடுப்பிலும் இருக்கும். மராக்காஸ் கடற்கரையில் பொரித்த ரொட்டிக்குள் சுறா வைத்துத் தருவார்கள். சுறா இனங்கள் குறைந்துவருவதால் நான் வேறு மீன் கேட்பேன், ருசியில் ஒரு குறையும் தெரியாது. அங்கே போகும் மலைச்சாலை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படை போட்டது. வழியில் மலைமுனையில் நிறுத்தி, அன்னாசியில் உப்பு, மிளகாய், பூண்டு, ஷாடோ பெனி பிசறிய ‘சௌ’ வாங்கித் தின்றுவிட்டுப் போங்கள்.

கலாசாரம் என்றதும் எல்லோரும் கார்னிவலைச் சொல்வார்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் அது. விடிவதற்கு முன்பே சேறும் சாயமும் பூசிக்கொண்டு தெருவில் இறங்கும் ஜூவே, பிறகு இறகும் மணியும் தைத்த உடையில் ஊர்வலம். நல்லதுதான். ஆனால் அறை வாடகை எகிறிவிடும், உடையோடு ஊர்வலத்தில் சேரக் கட்டணமும் அதிகம். என்னைக் கேட்டால் அதற்கு முந்தைய வாரங்களில் பேன்யார்டுகளுக்குப் போங்கள். ஸ்டீல்பேன் குழுக்கள் பனோரமா போட்டிக்காகப் பயிற்சி செய்யும் திறந்த வெளிகள் இவை. மேளம் தட்ட பிரிட்டிஷார் 1880களில் தடை போட்டார்கள். அதனால் மக்கள் மூங்கிலைத் தரையில் தட்டித் தாளம் போட்டார்கள், பிறகு தகர டப்பா, கடைசியில் எண்ணெய் டிரம். 1930களிலும் 40களிலும் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த கருவி இது. டிரம்மின் மேல்தகட்டைக் குழிவாக அடித்து, ஒவ்வொரு மேடும் ஒரு சுரம் என்று சுதி சேர்க்கிறார்கள். 2024இல் நாட்டுச் சின்னத்திலிருந்த கொலம்பஸின் கப்பல்களை எடுத்துவிட்டு இதை வைக்க முடிவெடுத்தார்கள்.

மாலை எட்டு மணிக்கு மேல் போனால் பெரிய குழுக்களில் நூறு பேர்வரை நின்று வாசிப்பார்கள். பள்ளிச் சீருடை மாற்றாத பெண், நரைத்த தாத்தா, நடுவில் இரும்புத் துண்டுகளில் தாளம் போடும் கூட்டம். ஒரு சிறு பகுதியை இருபது முறை திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பார், பாட்டைக் குழுவுக்காக அமைத்துக் கொடுப்பவர். கையில் குறிப்புத்தாள் இருக்காது, பெரும்பாலோருக்கு எல்லாம் மனப்பாடம். பல யார்டுகளில் நுழைவுக் கட்டணம் இல்லை. பேஸ் டிரம்கள் பக்கம் நின்றால் நெஞ்சுக்கூட்டில் அதிரும்.

நம் வாசகர்களுக்கென்று இரண்டு இடங்கள். ஒன்று, தெற்கே சிப்பாரியா ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயம். அங்கே கறுத்த நிறத்தில் ஒரு மாதா சிலை, பெயர் லா திவினா பாஸ்டோரா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இந்துக்கள் அவளைச் சிப்பாரியா மாயி என்று கும்பிடுகிறார்கள். பெரிய வியாழன் இரவிலிருந்து புனித வெள்ளிவரை அரிசி, எண்ணெய், பூ, நகை என்று காணிக்கையோடு வரிசை நிற்கும். குழந்தைக்கு முதல் முடி இறக்குவதும் அங்கேயே. வேளாங்கண்ணியைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை, ஆனால் அட்லாண்டிக்கின் அந்தக் கோடியில் பார்க்கும்போது கொஞ்சம் தலை சுற்றும்.

இன்னொன்று, வாட்டர்லூ கடற்கரைக் கோயில். சியூதாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி 1947இல் கட்டிய சிறு கோயில் சர்க்கரைக் கம்பெனி நிலத்தில் இருந்தது. 1952இல் இடித்துவிட்டு அவரைச் சிறையிலும் போட்டார்கள். நிலத்தில்தானே உரிமை கேட்கிறார்கள் என்று, சைக்கிளில் கல்லும் சிமெண்டும் சுமந்து போய்க் கடலுக்குள் மேடு எழுப்பி அதன்மேல் கட்டினார். இப்போதிருப்பது 1990களில் புதுப்பித்தது. பக்கத்திலேயே கரையோரச் சுடுகாடு, அதனால் சில நேரம் ஒரு குடும்பம் துக்கத்தோடு நிற்கும். கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

சென்னை வழியாக வந்தவர்களின் மிச்சம் இருக்கிறதா என்றால், காளி கோயில்களில் இருக்கிறது. தப்பு அடித்து, வேப்பிலை கட்டி, சாமி வந்து ஆடும் வழிபாட்டை ‘மதராசி’ பூசை என்றே அங்கே சொல்கிறார்கள். தமிழ் பேசுபவரைத் தேடாதீர்கள். தீபாவளி 1966 முதல் அரசு விடுமுறை. அன்று இரவு ஃபெலிசிட்டி கிராமத்தில் மூங்கிலை வளைத்து அகல் ஏற்றுவதைப் பார்க்க எல்லா மதத்தாரும் வருவார்கள்.

மற்றவை சுருக்கமாக. கரோனி சதுப்புநிலத்தில் மாலைப் படகு ஏறுங்கள், செந்நிற ஐபிஸ் பறவைகள் கூட்டமாக மரத்தில் வந்து அடையும். அதைத் தவற விடக்கூடாது. லா ப்ரேயா தார் ஏரி சுமார் 100 ஏக்கர், வழிகாட்டி இல்லாமல் போனால் ஒன்றும் விளங்காது. டொபேகோ இதே நாட்டைச் சேர்ந்த தனித் தீவு, விமானத்தில் அரை மணிக்கும் குறைவு. நீங்கள் வேண்டாம் என்ற அழகான கடற்கரை அங்கேதான் இருக்கிறது. அங்கே நண்டும் மாவுருண்டையும் சேர்ந்த குழம்பு தின்றுவிட்டு, 1776 முதல் பாதுகாக்கப்படும் மழைக்காட்டில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பக் கூடாது. கும்பல் கொலைகள் உண்மையான பிரச்சினை. 2024 டிசம்பர் கடைசியில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருட்டிய பிறகு தனியாக நடக்க வேண்டாம். பேன்யார்டுக்குத் தெரிந்த டாக்ஸியில் போய் அதிலேயே திரும்புங்கள். பகலில் மேக்ஸி டாக்ஸி என்ற வேன்கள் போதும். தலைநகரிலிருந்து சான் ஃபெர்னாண்டோ போக பச்சைப் பட்டை, கிழக்கே போக சிவப்புப் பட்டை. பேச்சு வளர்க்க வழி தெரியாவிட்டால் கிரிக்கெட் வீரர் பிராவோ பெயரைச் சொல்லுங்கள். சாந்தா குரூஸ் ஊர்க்காரர் அவர், லாராவும் அதே ஊர்தான். சென்னை அணி என்றதும் ஓட்டுநர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

எப்போது போவது? ஜனவரி பிற்பாதி என்பேன். மழை குறைந்திருக்கும், பேன்யார்டுகள் சூடு பிடித்திருக்கும், அறை விலை இன்னும் ஏறியிருக்காது. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது, லண்டனிலோ அமெரிக்காவிலோ மாற வேண்டியிருக்கும். டிரினிடாட் நுழைவு விதியைப் பார்ப்பதோடு, விமானம் மாறும் நாட்டுக்கு இடைவழி விசா வேண்டுமா என்பதையும் டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.