கல்ச்சரில் கிருமி வந்தால் உடனே ஊசி போட வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. பக்கவாதம் வந்து ஐசியுவில் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். யூரின் டியூப் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது எடுத்த யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிளெப்சியெல்லா என்ற கிருமி வந்திருக்கிறது. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் உட்பட ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் நேரே 'ஆர்' என்று போட்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் கொலிஸ்டின் ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா? என் நான்கு வயது மகள் தாத்தா மடியிலேயே கிடப்பாள். அவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: 'ஆர்' என்றால் ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று பொருள். அந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, முடிவெடுக்க உதவுவது அதுதான். கிருமி உடம்பில் தங்கியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. டியூப் போட்டு ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் ஏதாவது பாக்டீரியா வளரும். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்குக் கல்ச்சரை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் டியூப் இருக்கும்வரை கிருமி திரும்ப வரும், முன்பைவிட முரடாக. கொலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. உயிர் போகிற நிலையில் எடுக்க வேண்டியதை இப்போது செலவழிக்க வேண்டாம்.

இது எப்படி வந்திருக்கும்? ஐசியுவில் பலருக்கும் ஆன்டிபயாட்டிக் ஓடும். அது குடலில் இருக்கும் சாதாரணக் கிருமிகளைக் கொன்றுவிட, மருந்துக்கு மசியாதவை பெருகும். ஒரு கட்டிலில் யூரின் பையைக் காலி செய்த அதே கிளவுஸோடு அடுத்த கட்டிலில் டிரிப்ஸைத் திருகினால் போதும், கிருமி இடம் மாறிவிடும். கிளவுஸ் இருக்கிறதே என்ற நினைப்பில் கை கழுவுவது விட்டுப்போகிறது. கட்டில் கம்பி, பிபி பார்க்கும் பட்டை, செல்போன் எல்லாமே வழிதான். நர்ஸை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. இரவில் ஒருவரே பல கட்டில்களைப் பார்க்கும் வார்டில், ஒவ்வொரு முறையும் கை கழுவ நேரம் கொடுக்க வேண்டியது நிர்வாகம். ஸ்பிரிட் கலந்த கை மருந்தென்றால் 20 முதல் 30 விநாடி போதும்.

இந்தக் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து, வேறு வகைப் பாக்டீரியாவுக்குக்கூடக் கைமாற்றும். மெரோபெனம் வகை மருந்துகளை உடைக்கும் என்டிஎம்-1 நொதி, 2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் சுவீடனில் கண்டுபிடிக்கப்பட்டது. 2010-இல் வெளியான ஆய்வில் சென்னை நோயாளிகளிடமும் அது இருந்தது தெரிந்தது. அப்புறம்தான் நம் நாட்டில் விழிப்பு வந்தது: 2012-இல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, மருந்துக்கு மசியாத கிருமிகளைக் கட்டுப்படுத்தும் வழிகளைச் சொல்லும் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன, 2014-இல் பல ஆன்டிபயாட்டிக்குகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்-1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்கும்போது எழுதிக்கொடுத்த டாக்டர், நோயாளி பெயர்களைக் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும். சட்டம் நல்லதுதான். ஆனால் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் டாக்டரிடம், "இந்த டியூப் இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். யாரும் கேட்காததாலேயே பலருக்கு டியூப் வாரக்கணக்கில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக இழுத்துவிடாதீர்கள். அதுவரை பை இடுப்புக்குக் கீழேயே தொங்கட்டும், தரையில் படக் கூடாது. பையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குழந்தையைத் தாராளமாக விடுங்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கு இதனால் நோய் வருவது அரிது. டியூபையும் பையையும் தொடவிடாதீர்கள், விளையாடி முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், திடீர்க் குழப்பம், அதிகத் தூக்கம், சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்போதும் வழி இருக்கிறது; என்டிஎம் வகைக்குக்கூட செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்தோடு அஸ்ட்ரியோனம் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அட்மிஷன் போடும்போதே அதைக் காட்டுங்கள். அப்போதுதான் சரியான மருந்தை முதலிலேயே தேர்ந்தெடுக்கவும், பக்கத்துக் கட்டிலுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ளவும் அவர்களால் முடியும்.